சர்வருக்குள் யார் யார் நுழையலாம்? எஸ்எஸ்எச் சாவிகளை நிர்வகிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்து பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன கம்பெனியின் சர்வரில், எஸ்எஸ்எச் வழியாக (தூரத்திலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) எந்தச் சாவிகள் நுழையலாம் என்ற பட்டியலான ஆதரைஸ்ட்_கீஸ் ஃபைலைத் திறந்து பார்த்தால் பதினொரு வரி இருக்கும். ஒன்றின் கடைசியில் ‘யூசர்@டெஸ்க்டாப்’, இன்னொன்றில் ‘ரூட்@லோக்கல்ஹோஸ்ட்’, மூன்றாவதில் ஒன்றுமே இருக்காது. இது யாருடையது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அழிக்கவும் பயம், ராத்திரி ஓடுகிற ஏதோ ஒரு பேக்கப் நின்றுவிட்டால் யார் பதில் சொல்வது? சரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். வேலையை விட்டுப் போனவரின் சாவி வருஷக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருப்பது இப்படித்தான்.

சாவியைச் சேர்ப்பது எப்படி என்று சொல்ல இணையத்தில் பக்கங்களுக்குப் பஞ்சமே இல்லை, எடுப்பதைப் பற்றித்தான் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அதனால் நான் கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன். நாளைக் காலையில் ஒருவர் வேலையை விட்டாலோ லேப்டாப்பை ரயிலில் தவறவிட்டாலோ, அவருக்கிருந்த எல்லா வழிகளையும் சில நிமிஷங்களில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடைக்க உங்களால் முடியுமா? கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த நாளை மனதில் வைத்து எழுதியதுதான்.

உபுண்டு, டெபியன் சர்வர்களை வைத்துச் சொல்கிறேன், ரெட்ஹேட் வகையில் மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அடிப்படை, சுருக்கமாக

1995-இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒளிந்திருந்து பாஸ்வேர்டுகளைத் திருடியதற்குப் பதிலடியாக டாட்டு யிலோனென் எழுதியதுதான் எஸ்எஸ்எச். இன்று கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் சர்வரிலும் இருப்பது 1999-இல் ஓபன்பிஎஸ்டி குழு வெளியிட்ட ஓபன்எஸ்எஸ்எச்-இன் வழிவந்தது. சாவி என்றால் ஒரு ஜோடி. பிரைவேட் கீ உங்கள் கணினியைவிட்டு எங்கும் போகாது, பப்ளிக் கீ ஒரே ஒரு வரியாக சர்வரில் இருக்கும். நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், எதிரே இருக்கும் மனிதர் யார் என்று சர்வருக்குத் தெரியவே தெரியாது. இந்த வரிக்குப் பொருந்தும் பிரைவேட் கீ கையில் இருப்பவர் இந்தக் கணக்கில் நுழையலாம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். வரியின் கடைசியில் இருக்கும் பெயர் வெறும் குறிப்பு, அதில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். எந்தச் சாவி எந்த மனிதருடையது என்ற கணக்கை வைத்துக்கொள்வது முழுக்க நம் பொறுப்பு.

படி 1: ஆளுக்கொரு கணக்கு

எல்லோரும் ‘உபுண்டு’ அல்லது ‘ரூட்’ (சர்வரின் முழு அதிகாரமும் உள்ள கணக்கு) என்ற ஒரே கணக்கில் நுழைகிறார்கள் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். யார் என்ன செய்தார்கள் என்று பின்னால் பிரித்துப் பார்ப்பது அப்படியொரு சர்வரில் பெரிய தலைவலி. கவிதா என்று ஒரு பயனர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘சூடோ ஆட்யூசர் --டிஸேபிள்ட்-பாஸ்வேர்ட் கவிதா’. பாஸ்வேர்ட் இல்லாத கணக்கு உருவாகிவிடும்.

அவருக்கு சூடோ உரிமையும் (ரூட்டின் அதிகாரத்தில் கட்டளைகளை ஓட்டும் உரிமை) வேண்டும் என்றால் இங்கே ஒரு சிக்கல் வரும். சூடோ பாஸ்வேர்ட் கேட்கும், இவருக்கோ பாஸ்வேர்டே கிடையாது. நிறைய பேர் உடனே ‘நோபாஸ்வேர்ட்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கவிதாவின் லேப்டாப் கைமாறியவுடன் சர்வரின் ரூட்டும் சேர்ந்தே கைமாறிவிடும். சூடோவுக்காக மட்டும் ஒரு பாஸ்வேர்ட் வைத்துவிட்டு, எஸ்எஸ்எச்-இல் பாஸ்வேர்ட் நுழைவை அடைத்துவிடுவதே நல்லது என்பது என் கட்சி. அடைப்பது எப்படி என்று படி 6-இல் வருகிறது.

படி 2: சாவியைப் பயனரே உருவாக்கட்டும்

நிர்வாகியே சாவி ஜோடியை உருவாக்கி மெயிலில் அனுப்பும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. வேண்டாம். அப்படி அனுப்பிய பிரைவேட் கீ உங்கள் மெயிலில் ஒன்று, அவர் மெயிலில் ஒன்று, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒன்று என்று குட்டி போட்டுக்கொண்டே போகும். கவிதா தன் கணினியில் அடிக்க வேண்டியது இது:

எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519 -சி "கவிதா-ஆபீஸ்லேப்டாப்-2025"

இதில் ‘சி’ பெரிய எழுத்து. ஈடி25519 வகைச் சாவி 2014-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 6.5 முதலே உண்டு. 2023-இல் வந்த 9.5 முதல், வகையைச் சொல்லாமல் விட்டாலும் இதுதான் உருவாகும். ஏதோ ஒரு பழைய கருவி இதை ஏற்காவிட்டால் ஆர்எஸ்ஏ 4096 வைத்துக்கொள்ளலாம். டிஎஸ்ஏ என்று எங்காவது பழைய கட்டுரையில் படித்தால் அந்தப் பக்கத்தையே மூடிவிடுங்கள், 2025-இல் வந்த 10.0 பதிப்பில் அதை மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள்.

பாஸ்ஃபிரேஸ் (சாவி ஃபைலைப் பூட்டும் ரகசியச் சொற்றொடர்) கேட்கும்போது என்டரைத் தட்டிவிட்டுப் போகாதீர்கள். அது இல்லாத பிரைவேட் கீ ஃபைலை யார் நகலெடுத்தாலும் அப்படியே பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் அடிக்கச் சோம்பலாக இருந்தால் எஸ்எஸ்எச்-ஏஜென்ட் இருக்கவே இருக்கிறது, காலையில் ஒருமுறை அடித்தால் போதும். ஏற்கெனவே பாஸ்ஃபிரேஸ் இல்லாமல் உருவாக்கிவிட்டவர்கள் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதில்லை, ‘எஸ்எஸ்எச்-கீஜென் -பி’ என்று சின்ன எழுத்தில் அடித்தால் அதே சாவிக்குப் பாஸ்ஃபிரேஸ் போட்டுக்கொள்ளலாம், பப்ளிக் கீ மாறாது.

ஒரு கருவிக்கு ஒரு சாவி. வீட்டுக் கணினியும் ஆபீஸ் லேப்டாப்பும் இருந்தால் இரண்டு ஜோடி. நகலெடுத்து இரண்டிலும் வைப்பது வசதிதான், ஆனால் லேப்டாப் தொலைந்த அன்று எந்த வரியை அழிப்பது என்ற கேள்விக்கு ஒரே பதில் இருக்க வேண்டும் என்றால் சாவிகள் தனித்தனியாக இருந்தாக வேண்டும். குறிப்பில் கருவியின் பெயரையும் எழுதச் சொன்னது அதற்காகத்தான்.

கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்றால், யூஎஸ்பியில் சொருகும் ஃபிடோ வகைச் சாவிகளை 2020-இல் வந்த 8.2 பதிப்பு முதல் ஓபன்எஸ்எஸ்எச் ஏற்கிறது. வகை ‘ஈடி25519-எஸ்கே’. லேப்டாப்பில் இருக்கும் ஃபைலை மட்டும் திருடிப் பயனில்லை, அந்தக் கருவியும் கையில் வேண்டும். ரூட் உரிமை உள்ளவர்களுக்காவது இதை வாங்கிக் கொடுங்கள்.

படி 3: பப்ளிக் கீயை வாங்குவது

பப்ளிக் கீ ரகசியம் இல்லை, வாட்ஸ்அப்பில்கூட அனுப்பலாம். ஆனால் அது அனுப்பியவருடையதுதானா என்பது முக்கியம். கவிதாவின் மெயில் கணக்கு யாரிடமாவது சிக்கியிருந்தால் அந்தத் திருடர் அனுப்பும் சாவியை நீங்களே உங்கள் கையால் சர்வரில் ஏற்றி வைப்பீர்கள். அதனால் வந்த ஃபைலுக்கு ‘எஸ்எஸ்எச்-கீஜென் -எல் -எஃப்’ என்று சின்ன எழுத்துகளில் அடித்து, ஃபைல் பெயரையும் சேர்த்து, ஃபிங்கர்பிரின்ட்டை (சாவியின் சுருக்க அடையாளம்) எடுங்கள். ‘எஸ்எச்ஏ256:’ என்று ஆரம்பிக்கும். கவிதாவையும் தன் கணினியில் அதையே அடிக்கச் சொல்லி, போனில் கூப்பிட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை.

இந்த இடத்தில் வழக்கமாக வரும் கோளாறுகள் இரண்டு. ஒன்று, பட்டியில் (விண்டோஸில் பலர் பயன்படுத்தும் ஒரு எஸ்எஸ்எச் மென்பொருள்) உருவாக்கியவர்கள் ‘சேவ் பப்ளிக் கீ’ பட்டனை அழுத்தி ஒரு ஃபைலை அனுப்புவார்கள், அது பல வரிகளில் ‘பிகின் எஸ்எஸ்எச்2 பப்ளிக் கீ’ என்று தொடங்கும். ஆதரைஸ்ட்_கீஸில் அது வேலை செய்யாது. பட்டிஜென் ஜன்னலின் மேல் பெட்டியில் இருக்கும் ஒற்றை வரியை நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது வந்த ஃபைலை ‘எஸ்எஸ்எச்-கீஜென் -ஐ -எஃப்’ கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-இல் 2018 முதலே ஓபன்எஸ்எஸ்எச் கூடவே வருகிறது, புதியவர்களுக்குப் பட்டியே தேவையில்லை.

இன்னொன்று, அவசரத்தில் பிரைவேட் கீயையே அனுப்பிவிடுவது. ‘பிகின் ஓபன்எஸ்எஸ்எச் பிரைவேட் கீ’ என்று முதல் வரி இருந்தால் அதுதான். டிலீட் செய்துவிட்டேன், பரவாயில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை, அந்த ஜோடியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்கச் சொல்லுங்கள். 2023 மார்ச்சில் கிட்ஹப்பின் ஆர்எஸ்ஏ பிரைவேட் கீ ஒரு பொது ரெப்போவில் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்துவிட்டது. யாரும் அதைத் தவறாகப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை என்று சொன்னபோதும் அவர்கள் சாவியை மாற்றத்தான் செய்தார்கள்.

படி 4: சர்வரில் வைப்பது

வழக்கமான இடம் பயனரின் ஹோமுக்குள் இருக்கும் ‘.எஸ்எஸ்எச்/ஆதரைஸ்ட்_கீஸ்’. அனுமதி எண் ஃபோல்டருக்கு 700, ஃபைலுக்கு 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்), இரண்டுக்கும் உரிமையாளர் அந்தப் பயனர். நீங்கள் ரூட்டாக இருந்துகொண்டு ஃபைலை உருவாக்கி 600 வைத்துவிட்டு, ‘சோன்’ செய்ய (உரிமையாளரை மாற்ற) மறந்தால் சாவி வேலை செய்யாது. எஸ்எஸ்எச்டி (சர்வரில் ஓடிக்கொண்டு நுழைபவர்களைச் சரிபார்க்கும் நிரல்) அந்தப் பயனரின் உரிமையில்தான் ஃபைலைத் திறந்து பார்க்கும், ரூட்டின் ஃபைலைத் திறக்க அதனால் முடியாது.

எல்லாம் சரியாக இருந்தும் ‘பெர்மிஷன் டினைட்’ வருகிறதா? ஹோம் ஃபோல்டரைப் பாருங்கள். யாரோ ‘எல்லோரும் எழுதட்டும்’ என்று 777 போட்டிருப்பார்கள். மற்றவர் எழுதக்கூடிய ஹோமுக்குள் இருக்கும் சாவியை எஸ்எஸ்எச்டி நம்பாது, ‘பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்’ என்று லாகில் எழுதிவிட்டுக் கதவைச் சாத்திவிடும். லாக் உபுண்டுவில் ‘/வார்/லாக்/ஆத்.லாக்’, ரெட்ஹேட் வகையில் ‘/வார்/லாக்/செக்யூர்’. ரெட்ஹேட்டில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கும் உண்டு, ‘ரீஸ்டோர்கான் -ஆர்’ என்று பெரிய ‘ஆர்’ போட்டு ஒருமுறை ஓட்டினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். காரணத்தைச் சர்வரின் லாகில் தேடுங்கள், பயனரின் திரையில் வரும் செய்தி வேண்டுமென்றே எதையும் சொல்லாது.

‘டூ மெனி அத்தென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்’ என்பது வேறு கதை. ஏஜென்ட்டில் ஏழெட்டுச் சாவிகள் இருந்தால் ஒவ்வொன்றாக நீட்டிப் பார்க்கும், சர்வர் ஆறு முறைக்கு மேல் பொறுக்காது. பயனரின் கான்ஃபிக் ஃபைலில் அந்த சர்வருக்கு ‘ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்’ போட்டு, எந்தச் சாவி என்றும் குறிப்பிட்டால் சரியாகிவிடும்.

படி 5: சாவிகளை ஹோமிலிருந்து வெளியே எடுங்கள்

இதைச் செய்பவர்கள் குறைவு, எனக்கோ எல்லாவற்றையும்விட இதுதான் பிடித்தமான படி. ஹோமுக்குள் ஃபைல் இருக்கும்வரை பயனர் தானாகவே இன்னொரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம், நண்பருக்காகவோ புதிய போனுக்காகவோ. கணக்கைக் கொஞ்ச நேரம் கைப்பற்றிய திருடனும் முதலில் செய்வது அதைத்தான், நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் அவன் வரி அங்கேயே இருக்கும்.

எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்கில் (அதன் அமைப்புகள் இருக்கும் ஃபைல்) ‘ஆதரைஸ்ட்கீஸ்ஃபைல் /ஈடிசி/எஸ்எஸ்எச்/ஆதரைஸ்ட்_கீஸ்/%யூ’ என்று எழுதுங்கள் (‘யூ’ சின்ன எழுத்து). ஆளுக்கொரு ஃபைல், எல்லாம் ஒரே ஃபோல்டரில். உரிமையாளர் ரூட், ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644. படிக்கலாம், எழுத முடியாது. யார் யாருக்கு அனுமதி என்று பார்க்க ஒரு ‘எல்எஸ்’ போதும். ஆனால் இந்த வரி செயலுக்கு வந்த நொடியில் ஹோமில் இருக்கும் பழைய ஃபைல்களை சர்வர் திரும்பிக்கூடப் பார்க்காது, ஆகவே முதலில் உங்கள் சாவியைப் புதிய இடத்துக்கு நகலெடுத்துவிட்டுத்தான் இதில் கை வைக்க வேண்டும்.

ஃபைலில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கட்டுப்பாடுகளும் போடலாம். ‘ஃப்ரம்=’ என்று ஆபீஸ் ஐபியைக் கொடுத்தால் அங்கிருந்து மட்டும் செல்லும். மூன்று மாத ஒப்பந்தத்தில் வருபவருக்கு ‘எக்ஸ்பைரி-டைம்="20260331"’ என்று போட்டுவிட்டால், நீங்கள் மறந்துபோனாலும் சாவி தானே செத்துவிடும். 2018-இல் வந்த 7.7 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருந்தும் ஏனோ யாரும் தொடுவதில்லை. இயந்திரச் சாவிகளுக்கு, அதாவது பேக்கப், டெப்ளாய் போன்றவற்றுக்கு, ‘ரெஸ்ட்ரிக்ட்,கமாண்ட்=’ என்று ஒரே ஒரு கட்டளையை மட்டும் கட்டிவைத்துவிடுங்கள். அந்தச் சாவி திருடு போனாலும் பேக்கப் ஓடும், ஷெல் கிடைக்காது.

படி 6: பாஸ்வேர்ட் கதவைச் சாத்துவது

கான்ஃபிக்கில் வேண்டியவை: ‘பாஸ்வேர்ட்அத்தென்டிகேஷன் நோ’, ‘கேபிடிஇன்டராக்டிவ்அத்தென்டிகேஷன் நோ’, ‘பெர்மிட்ரூட்லாகின் நோ’, அப்புறம் ‘அலவ்குரூப்ஸ்’ என்று ஒரு குழுவின் பெயர். அந்தக் குழுவில் இல்லாதவர் சாவி வைத்திருந்தாலும் நுழைய முடியாது.

இருக்கும் டெர்மினலை மூடாதீர்கள். ‘சூடோ எஸ்எஸ்எச்டி -டி’ என்று சின்ன ‘டி’ போட்டால் கான்ஃபிக்கில் எழுத்துப் பிழை இருந்தால் சொல்லிவிடும். அதன் பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் ரீலோட் எஸ்எஸ்எச்’, ரெட்ஹேட்டில் ‘எஸ்எஸ்எச்டி’. இன்னொரு டெர்மினலைத் திறந்து உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதை மூட வேண்டும்.

பாஸ்வேர்டை நிறுத்தியும் சர்வர் இன்னும் பாஸ்வேர்ட் கேட்கிறது என்று புலம்புபவர்களுக்கு: எஸ்எஸ்எச்டி ஒரு அமைப்பை முதலில் எங்கே பார்க்கிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும், பின்னால் வருவதை மதிக்காது. உபுண்டு கிளவுட் சர்வர்களில் ‘எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி’ ஃபோல்டருக்குள் ‘50-கிளவுட்-இனிட்’ என்று ஒரு ஃபைல் ‘யெஸ்’ என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், அது முதலில் படிக்கப்படும். ‘எஸ்எஸ்எச்டி -டி’ என்று பெரிய ‘டி’ போட்டால் கடைசியில் எது நடைமுறையில் இருக்கிறது என்று முழுப் பட்டியலும் வரும். நீங்கள் எழுதிய ஃபைலைவிட அந்தப் பட்டியலை நம்புங்கள்.

படி 7: எடுப்பது

கவிதா வேலையை விட்டுப் போகிறார். நிறைய பேர் ‘யூசர்மாட் -எல்’ அடித்துவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது பாஸ்வேர்டை மட்டும் பூட்டும், உபுண்டு போன்ற வழக்கமான அமைப்பில் சாவி வழியாக அவர் நேராக உள்ளே வரலாம். கணக்கையே காலாவதியாக்க வேண்டும்: ‘யூசர்மாட் --எக்ஸ்பயர்டேட் 1 கவிதா’. அப்புறம் சாவி ஃபைலை எல்லா சர்வரிலிருந்தும் அழியுங்கள்.

இவ்வளவு செய்தும் அவர் இப்போது உள்ளே இருந்தால் உள்ளேயே இருப்பார். சாவியை எஸ்எஸ்எச்டி பார்ப்பது நுழையும்போது மட்டும்தான், திறந்திருக்கும் செஷனை அது தொடாது. ‘லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர் கவிதா’ அடித்து வெளியேற்றுங்கள். டிமக்ஸில் (வெளியேறிய பிறகும் வேலைகளை ஓடவிடும் கருவி) எதையாவது ஓடவிட்டிருக்கிறாரா என்று ‘பிஎஸ் -யூ கவிதா’ அடித்துப் பாருங்கள், அவருடைய கிரான்டேபையும் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலைகளின் பட்டியல்) திறந்து பாருங்கள்.

கடைசியாக, அவருடைய சாவி வேறு கணக்குகளிலும் இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒரு காலத்தில் அவசரத்துக்காக ‘டெப்ளாய்’ கணக்கிலும் ரூட்டிலும் போட்டிருப்பார்கள். பெயரை வைத்துத் தேடாதீர்கள், குறிப்பு மாறியிருக்கும். பப்ளிக் கீயின் நடுவில் இருக்கும் நீளமான எழுத்துச் சரத்தில் ஒரு துண்டை எடுத்து, எல்லா ஆதரைஸ்ட்_கீஸ் ஃபைல்களிலும் ‘கிரெப்’ செய்யுங்கள். அவர் படிக்கக்கூடிய இடத்தில் வேறு இயந்திரச் சாவிகளின் பிரைவேட் பாகம் இருந்திருந்தால் அவற்றையும் மாற்றியாக வேண்டும். நல்லபடியாகப் பிரிந்து போனவர் என்றாலும் இதே வேலைதான், அவர் லேப்டாப் நாளை யார் கைக்குப் போகும் என்பது அவருக்கே தெரியாது.

படி 8: பதிவேடும் லாகும்

ஒரு எளிய ஸ்ப்ரெட்ஷீட் போதும்: ஆள், கருவி, ஃபிங்கர்பிரின்ட், எந்தெந்த சர்வர், சேர்த்த தேதி, யார் அனுமதித்தது. லாகில் ‘ஆக்செப்டட் பப்ளிக்கீ ஃபார் கவிதா’ என்று வரும் ஒவ்வொரு வரியிலும் ஐபியோடு சேர்த்து அதே ஃபிங்கர்பிரின்ட் இருக்கும், இரண்டையும் பொருத்திப் பார்த்தால் எந்தக் கருவியிலிருந்து வந்தார் என்றே சொல்லிவிடலாம். பதிவேட்டில் இல்லாத ஃபிங்கர்பிரின்ட் லாகில் வந்தால் அன்று வேறு வேலை பார்க்க வேண்டாம். மூன்று மாதமாக லாகில் தலைகாட்டாத சாவியை (படி 10-இல் வரும் அவசரச் சாவியைத் தவிர) எடுத்துவிடலாம், தேவைப்பட்டால் ஆள் தானே வந்து கேட்பார்.

இந்தப் பதிவேடு எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். டெபியனில் 2006-இல் ஓபன்எஸ்எஸ்எல்லில் (சாவிகளை உருவாக்கப் பயன்படும் குறியாக்க நிரல் தொகுப்பு) செய்த ஒரு சின்ன மாற்றத்தால், அதில் உருவான சாவிகள் ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் வெறும் 32,768 சாத்தியங்களுக்குள் அடங்கிப்போயின. 2008 மே மாதத்தில்தான் அது வெளியே தெரிந்தது. அப்போது பிரச்சினை டெபியன் சர்வர்களோடு நிற்கவில்லை, ஏதோ ஒரு டெபியன் கணினியில் உருவாக்கிய பலவீனமான சாவி உலகத்தில் எந்த சர்வரில் இருந்தாலும் அந்த சர்வரும் திறந்த வீடுதான். எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அப்படிப்பட்ட நாளில் தூங்க முடியும்.

படி 9: சர்வர்கள் பத்தைத் தாண்டும்போது

கையால் செய்வது அலுத்துவிடும். பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவியான ஆன்சிபிளில் ‘ஆதரைஸ்ட்_கீ’ மாட்யூலுக்கு ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்று ஒரு அமைப்பு உண்டு, பட்டியலில் இல்லாத சாவிகளை அதுவே அழித்துவிடும். அதை லூப்புக்குள் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய சாவி அழிந்து கடைசி ஒன்று மட்டும் மிஞ்சும், எல்லாச் சாவிகளையும் ஒரே சரமாகச் சேர்த்துக் கொடுங்கள்.

அதற்கும் மேலே போனால் சான்றிதழ் முறை இருக்கிறது, 2010-இல் வந்த 5.4 பதிப்பிலிருந்தே. தலைமைச் சாவி ஒன்றை உருவாக்கி, அதன் பப்ளிக் பாகத்தை மட்டும் ‘ட்ரஸ்டட்யூசர்சிஏகீஸ்’ என்று எல்லா சர்வரிலும் வைத்துவிட்டால், தனித்தனி ஃபைல்களே தேவையில்லை. காலையில் பயனருக்கு எட்டு மணி நேரச் சான்றிதழ் கையெழுத்திட்டுக் கொடுத்தால் மாலையில் அது தானே காலாவதி. ஆள் போய்விட்டாரா, அடுத்த சான்றிதழைக் கொடுக்காமல் இருந்தால் போதும். ஆனால் அந்தத் தலைமைச் சாவி திருடு போனால் எல்லாமே போச்சு, அதைப் பாதுகாக்க ஆளும் இடமும் இல்லாத கம்பெனி ஆன்சிபிளோடு நின்றுகொள்வது நல்லது.

இடையில் ஒரு ஜம்ப் சர்வர் வழியாகப் போகிறீர்கள் என்றால் ஏஜென்ட் ஃபார்வர்டிங்கை (உங்கள் ஏஜென்ட்டை அந்த சர்வரிலிருந்தும் பயன்படுத்தவிடும் வசதி) விட்டுவிட்டு ‘எஸ்எஸ்எச் -ஜே’ என்று பெரிய ‘ஜே’ போடுங்கள். ஃபார்வர்டிங் இருக்கும்போது அந்த இடை சர்வரில் ரூட்டாக இருப்பவர் உங்கள் ஏஜென்ட்டைத் தன்னுடையதுபோலப் பயன்படுத்தலாம்.

படி 10: அவசரச் சாவி

இவ்வளவையும் பூட்டிய பிறகு நாமே வெளியே மாட்டிக்கொள்ளும் நாளும் வரும். அதற்கென்று தனியாக ஒரு கணக்கு, தனியாக ஒரு ஃபிடோ சாவி, ஆபீஸ் பீரோவில் கவரில் ஒட்டி வைத்து, எடுத்தவர் பெயரும் தேதியும் கவர்மேல் எழுதும்படி வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் வாடகைக்குக் கொடுத்தவரின் வெப் கன்சோல் வழியாக நுழைய முடிகிறதா என்றும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், எஸ்எஸ்எச் மொத்தமாக விழுந்தால் அது ஒன்றுதான் வழி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கவரைப் பிரித்து அவசரச் சாவியால் ஒருமுறை லாகின் செய்து பாருங்கள், கையோடு லாகில் அந்த ஃபிங்கர்பிரின்ட்டையும் தேடிப் பாருங்கள். கவர்மேல் எழுதியிருக்கும் தேதிகளைத் தவிர வேறு எந்த நாளிலும் அது வந்திருக்கக் கூடாது.